திங்கட்கிழமை மீன்

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதலில் செய்தது அமலியின் நோட்டை மோந்து பார்த்ததுதான். மீன் வாசனை இல்லை. இரண்டாவது முறை மோந்தபோது முகப்பவுடர் வாசனை மாதிரி ஏதோ வந்தது. புன்னைமுனைக் கரையில் ஈர மணலில் குத்தவைத்து உட்கார்ந்து மீன் அளந்து எழுதிய நோட்டு இப்படி இருக்காது. என் நோட்டுகளை வைத்திருக்கும் அலமாரியைப் பக்கத்து வீட்டுப் பூனை தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

எழுத்தும் அப்படித்தான். ஐந்து மாதப் பக்கங்களில் ஓர் அடித்தல் கிடையாது. ஒரே நீல மை. ஒரு செதில்கூட ஒட்டியிருக்கவில்லை.

பல் தேய்க்காமல் உட்கார்ந்து மறுபடியும் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். புன்னைமுனையில் நாங்கள் வாரம் இரண்டு நாள் மீன் அளக்கிறோம். திங்கட்கிழமை நான், எட்டு வருடமாக. வியாழக்கிழமை அமலி, முழுப்பெயர் அமலோற்பவம், ஐந்து வருடமாக. அவள் என் கள உதவியாளர், ஒப்பந்த வேலை. இருவரும் அளப்பது ஒரே வள்ளங்களில் வரும் மீனை. எல்லாம் ஊருக்கு நேரே கடலடியில் கிடக்கும் பெரிய பாரில், அந்தப் பாறைத்திட்டில், பிடிபடுபவை. இதுவரை அவளுடைய அளவுகளைத் தனியே கணினியில் ஏற்றி வைத்ததோடு சரி. மாவட்டக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும் என்பதால் நேற்றுதான் முதல்முறையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

விளமீனின் சராசரி நீளம், என் திங்கட்கிழமைகளில் 41 சென்டிமீட்டர். அவள் வியாழக்கிழமைகளில் 29.

மூன்று நாளில் எந்தக் கடலும் மீனை இப்படிச் சுருக்காது.

ஜனவரி 8, புதன்

அமலியைக் கூப்பிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். நோட்டு ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது?

"வீட்டுக்குப் போயி நல்ல நோட்டுல காப்பி பண்ணிருதேன் மேடம். கரையில எழுதுறது நனைஞ்சு நாசமாப் போயிருது."

"அந்த நனைஞ்ச நோட்டு எங்கே?"

"வீட்டுல எங்கயாவது கெடக்கும். தேடிப் பாக்கேன்."

கிடக்குமாம். ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள் பேசுகிற பேச்சா இது?

போனவள் கதவருகே நின்று திரும்பினாள். "மேடம், திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் ஒண்ணா சேத்தா போடப்போறீங்க?"

"ஏன் கேட்கிறே?"

"சும்மாதான் மேடம்."

சும்மா யாரும் அப்படிக் கேட்பதில்லை. முகம் ஒரு நொடி மாறியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

இதில் என்னவெல்லாம் சிக்கியிருக்கிறது என்று எனக்காகவே எழுதி வைக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன், பெரிய பாருக்குள் விசைப்படகுகள் வரக்கூடாது என்று ஒரு யோசனை இருந்தது. அப்போது வெளிவந்த என் கட்டுரை, அங்கே விளமீனின் அளவு குறையவே இல்லை என்று காட்டியது. யோசனை கைவிடப்பட்டது. இப்போது அதே கேள்வி மறுபடி குழுவின் முன் வந்திருக்கிறது. என் அறிக்கை 31ஆம் தேதி போக வேண்டும். பிப்ரவரி 12இல் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். அதில் அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தக் கட்டுரையைப் பற்றித்தான். அமலியின் ஒப்பந்தமும் 31ஆம் தேதியோடு முடிகிறது. அதை நீட்டிக்கலாம் என்று எழுத வேண்டியது நான்.

அவளுடைய 29 சரி என்றால் என் கட்டுரை தப்பு. அதனால் அவள் 29 எப்படி வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

ஜனவரி 9, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ரப்பர் வளையம் இல்லாமல் வந்ததால் திரும்பப் போயிற்று.

மத்தியானம் வேறு வேலையாக வள்ளங்களின் பதிவேட்டைப் புரட்டினேன். வேறு வேலை என்று எழுதுகிறேன், அதற்காகத்தான் புரட்டினேன். திங்கட்கிழமைகளில் எனக்கு மீன் காட்டும் சந்தியாகுவின் வள்ளத்தில் போகும் நான்கு பேரில் ஒருவர் பெயர் கிளாரன்ஸ். மனைவி பெயர், அமலோற்பவம்.

ஐந்து வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மீன் சிறுத்துவிட்டது என்று அறிக்கை போனால் விசைப்படகுகள் வெளியேறும். வெளியேறினால் லாபம் யாருக்கு? வள்ளக்காரர்களுக்கு.

சாயந்திரம் அவள் கரையிலிருந்து அளவுகளை அனுப்பினாள். 27, 30, 26, 28. படித்துவிட்டுப் பதில் போடவில்லை.

ஜனவரி 13, திங்கள்

வழக்கம்போல ஞாயிறு கோவில்பட்டியில், கணவரோடு. விடியற்காலைப் பஸ். ஏழு மணிக்குப் புன்னைமுனை விலக்கில் இறங்கினேன்.

திங்கட்கிழமைக் கரை எனக்குப் பிடிக்கும். ஏலச் சத்தம் கிடையாது, மிதிபடாமல் நடக்கலாம். வள்ளங்கள் வரிசையாக மணலில் நின்றன. இரண்டு மூன்றை அப்போதுதான் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சந்தியாகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். நீல பிளாஸ்டிக் நாற்காலி. எட்டு வருடத்தில் இது மூன்றாவது. டீ, பிறகு மீன்.

பதினொரு விளமீன். மிகச் சிறியது 38. செவிக்கல்லுக்காகத் தலைகளைப் பையில் போட்டுக்கொண்டேன். மீனின் மண்டைக்குள் இருக்கும் அந்த அரிசி போன்ற கல்லில்தான் அதன் வயது வளையம் வளையமாக இருக்கிறது. கண்கள் கொஞ்சம் குழிந்து, பால் படர்ந்தாற்போல் இருந்தன. ஐஸ் சரியாகப் போடவில்லை என்று ஓரத்தில் குறித்தேன்.

"கிளாரன்ஸ் உங்க வள்ளத்துலதானே வர்றார்?" என்று கேட்டேன்.

"அமலி வீட்டுக்காரனா? ஆமா. கைகாரன், ஆனா வாயத் தொறக்க மாட்டான். வீட்டுல அவளே மொத்தத்தையும் பேசிருவா போல" என்று சிரித்தார்.

என்னிடம் மட்டும் அவள் பேசுவதில்லை.

கிளம்பும்போது ஒரு மீனை வாழையிலையில் சுற்றி நீட்டினார். வேண்டாம் என்றேன். வாங்கிக்கொண்டேன். எட்டரை பஸ்ஸில் ஏறி, பொங்கலுக்காகக் கோவில்பட்டிக்கே திரும்பினேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று சேது கேட்டார். பல்வலி என்றேன். கணவரிடம் பொய் சொல்வது இவ்வளவு எளிது என்றால், ஒரு மேலதிகாரியிடம் சொல்வது எவ்வளவு எளிதாக இருக்கும்?

ஜனவரி 16, வியாழன்

அரசு விடுமுறை. அமலி இன்று கரைக்குப் போகாமல், வீட்டில் உட்கார்ந்தே நோட்டை நிரப்புவாள் என்று எனக்கு உறுதியாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் போனேன்.

அவள் இருந்தாள்.

வியாழக்கிழமைக் கரையை நான் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. ஒரே கூச்சல். வள்ளம் வந்து மோதுகிறது, வலையை உதறுகிறார்கள், நான்கு பேர் ஒரே நேரத்தில் ஏலம் கூறுகிறார்கள். நடுவில் அமலி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அளவுப் பலகை மடியில், காதில் பென்சில். கூடையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அளந்து, எறிந்துகொண்டிருந்தாள். நோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அப்படியானால் நனைந்த நோட்டு உண்மைதான். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மீன் விற்கிற பிரகாசியம்மாள்தான் என்னை முதலில் பார்த்தாள். "ஏ, டாக்டரம்மா வந்திருக்காவ! சந்தியாகண்ணே, நாக்காலி!"

அவ்வளவுதான். கூச்சல் அடங்கியது. நாற்காலி வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல டீ வந்தது. சந்தியாகு வீட்டுப் பக்கம் யாரோ ஓடினார்கள். கால் மணி நேரம் கழித்து என் முன்னால் ஒரு கூடை. ஐந்து விளமீன். எல்லாம் 39க்கு மேல்.

அமலியின் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். 26, 28, 31, 27. பெரிய மீன் கரையில் இருக்கிறது. அவள் அளப்பதோ சின்னதை.

"இதெல்லாம் எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் சந்தியாகுவைப் பார்த்தாள், பிறகு என்னை. "இது... உங்களுக்கு மேடம்."

"நீ ஏன் இதை அளக்கலை?"

"நான் இத அளக்க மாட்டேன் மேடம்" என்றாள், ஏதோ நான் கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல.

ஆக, பொறுக்கித்தான் அளக்கிறாள். அதை என் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள்.

ஜனவரி 17, வெள்ளி

நிலையத் தலைவர் சுந்தரவரதனிடம் குறிப்பைக் கொடுத்துவிட்டேன். நான்கு வரி. "கள உதவியாளரின் மாதிரித் தேர்வில் ஒருதலைப்பட்சம் காணப்படுகிறது. அவருடைய கணவர் ஆய்வுக்குட்பட்ட படகில் பணிபுரிவது தெரிவிக்கப்படவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பரிந்துரைக்க இயலவில்லை."

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல பொண்ணுன்னு நீங்கதானேம்மா சொல்லுவீங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார்."

"சரி. மாசக் கடைசியோட முடிச்சிருவோம். வியாழக்கிழமை டேட்டாவை எடுத்துருங்க. அறிக்கை சுத்தமா இருக்கும்."

தலைவலி விட்ட மாதிரி இருந்தது. வரும் வழியில் இட்லிப் பொடி வாங்கினேன்.

ஜனவரி 20, திங்கள்

எட்டு மீன். 40, 42, 39, 43, 41, 41, 38, 44. ஆய்வகத்தில் தலையைப் பிளந்தபோது செவுள் பழுப்பாக இருந்தது. சந்தியாகு ஐஸில் கஞ்சத்தனம் பண்ணுகிறார். அடுத்த வாரம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

அமலி மூன்று பழைய நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உப்பு ஏறி அப்பளமாக இருந்தன. "கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு மேடம்." வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "வேற ஏதாவது இருக்கா?" என்றேன். இல்லை என்று போய்விட்டாள்.

பிரிக்கவில்லை. இனி எதற்கு?

ஜனவரி 25, சனி

மகள் நாளை கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். அதனால் இந்த வாரம் கோவில்பட்டி இல்லை. சேதுவும் இங்கேயே வருகிறார். காலையில் பிரகாசியம்மாள் மீன் கொண்டுவந்தாள். கூடையில் இருந்ததெல்லாம் ஒரு சாண்.

"பெரிய விளமீன் இல்லையா பிரகாசி? பிள்ளை வர்றா."

"பெருசா? என்னத்தக் கேக்கிய டாக்டரம்மா! பெருசக் கண்ணால கண்டு எத்தன காலமாச்சு. ஒண்ணு ரெண்டு வாரதயும் சந்தியாகண்ணன் உங்க பெட்டியிலல்லா போட்டு வைக்காவ."

"என் பெட்டியா?"

"ஐஸ்பெட்டி. அவிய வீட்டுப் பின்னாடி இருக்கே. எந்த வள்ளத்துல பெருசு வந்தாலும் அதுலதான் போடணும். ஏலத்துல நான் கூடக் கேட்டாலும் தரமாட்டாவ, 'இது திங்கக்கெழமைக்கு'ன்னுருவாவ. எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாவ, டாக்டரம்மா வயித்துக்குள்ள என்ன கெணறா இருக்குன்னு."

அவள் சிரித்தாள்.

"திங்கக்கிழமைக்கு எதுக்குப் பெட்டியில வைக்கணும்? அன்னைக்குப் பிடிக்கிற மீன் இருக்காதா?"

"நல்லாக் கேட்டிய போங்க. ஞாயித்துக்கெழம எவன் கடலுக்குப் போவான்? பூசைக்கில்லா போவான். திங்கக்கெழம விடிஞ்சுதான் வள்ளத்தத் தள்ளுவானுவ. நீங்க ஏழு மணிக்கு வந்து நின்னா மீனு வானத்துல இருந்தா விழும்?"

அவள் போன பிறகு பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

முதலில் தோன்றியது, இவளை அமலி சொல்லி அனுப்பியிருப்பாள் என்றுதான். அரை மணி நேரம் அப்படியே நம்பினேன். பிறகு என் கட்டுரையை எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். இவ்வூர் மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குச் செல்வதில்லை. ஊரைப் பற்றி வாசகருக்கு ஒரு தகவல் என்று எழுதிய வாக்கியம்.

திங்கட்கிழமையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கோவில்பட்டிப் பஸ். அங்கிருந்து வேலைக்கு வருகிற வழியில் இறங்கலாம்.

ஜனவரி 26, ஞாயிறு

மகளும் சேதுவும் மத்தியானம் தூங்கும்போது அலுவலகம் போனேன். எட்டு வருடத்துக்கு முந்திய என் முதல் நோட்டை எடுத்தேன். முதல் திங்கள்: "மீன் இல்லை. வீண் பயணம்." இரண்டாம் திங்கள்: "மீன் இல்லை. சந்தியாகுவிடம் சொன்னேன்." மூன்றாம் திங்கள்: "12 மீன். நல்ல அளவு. ஒத்துழைப்பு பிரமாதம்." ஓரத்தில், என் கையெழுத்தில்: "சின்னது செவிக்கல்லுக்கு உதவாது, பெரிதாக இருந்தால் நல்லது என்று சொல்லி வைத்தேன்."

இப்படிச் சொன்னது நினைவில்லை என்று எழுத வந்தேன். நினைவிருக்கிறது.

பிறகு அமலியின் அப்பள நோட்டுகளைப் பிரித்தேன். தாள்கள் ஒட்டியிருந்தன, ஊதி ஊதிப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமைப் பக்கத்தின் அடியிலும் பென்சிலில் ஒரு வரி. "பெரியது 2, திங்கள் பெட்டிக்கு எடுத்தார்கள், அளக்கவில்லை." "பெரியது 1, திங்கள் பெட்டி." "பெரியது இல்லை." "பெரியது இல்லை." "பெரியது 1." இந்த வரியை அவள் நல்ல நோட்டில் ஏற்றியதில்லை. ஏற்றச் சொல்லி நான் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை.

எண்ணிப் பார்த்தேன். பெட்டிக்குப் போனதையும் சேர்த்தாலும் சராசரி முப்பதைத் தாண்டவில்லை.

மீனின் கண்ணைப் பார்த்து அது செத்து எத்தனை நாள் என்று சொல்ல மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவள் நான்.

ஜனவரி 27, திங்கள்

கோவில்பட்டியிலிருந்து இல்லாமல், இந்த முறை இங்கிருந்தே போனேன். சந்தியாகு நாற்காலியோடு வந்தார். உட்காரவில்லை. பெட்டியைக் காட்டச் சொன்னேன். அவருக்குப் பெருமைதான். வீட்டுப் பின்னால் அழைத்துப்போய்த் திறந்தார். மரத்தூளுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஏழு மீன், செவ்வாய் தொடங்கிச் சனி வரை சேர்த்தது.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்றீங்க?"

"ஏன், கெட்டுப்போச்சா? ஐஸு மாத்திக்கிட்டேதான் இருக்கோம்."

"கடல்ல வர்றதை அப்படியே காட்டியிருக்கலாமே."

"என்ன டாக்டரம்மா இப்படிப் பேசுதிய. அவ்வளவு தூரம் படிச்ச பொம்பள, பஸ் ஏறி வாரிய. உங்க முன்னால போயி கழிசலயா கொட்டுவோம்? அதோட ஒரு விசயம் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "நீங்க வர ஆரம்பிச்ச சமயம், இங்கன நெலக்கரி எறக்கப் பாலம் போடப்போறாவன்னு ஒரு பேச்சு. இந்தக் கடல்ல ஒண்ணுமில்லன்னு ஒருத்தர் எழுதிட்டாப் போதும், 'ஒண்ணுமில்லாத கடல்தான, எடுத்துக்கோ'ன்னு குடுத்துருவானுவ. அதான் ஊர்ல கூடிப் பேசி, டாக்டரம்மாவுக்கு நல்ல மீனாத்தான் காட்டணும்னு முடிவு பண்ணுனோம். நம்ம கடலு நல்லாருக்குன்னு நீங்க எழுதணும்லா?"

"நல்லா இருக்குன்னுதான் எழுதினேன் அண்ணாச்சி. அதனாலதான் பாருக்குள்ள விசைப்படகு வரலாம்னு விட்டுட்டாங்க."

அவர் பெட்டி மூடியைப் பிடித்தபடியே நின்றார். ஐஸ் உருகி அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதுக்கா அளந்திய?"

"ஆமா."

"எட்டு வருசமா வாரிய. எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியளா?"

சொன்னதில்லை. என் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. குழுவின் கடிதமும் ஆங்கிலத்தில்தான். நான் அங்கே உட்கார்ந்து டீ குடித்தேன், அளந்தேன், பஸ் ஏறினேன்.

சந்தியாகு பெட்டியை மூடிவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டார். "அப்ப இன்னைக்கு மீனு வேண்டாமா?"

ஜனவரி 28, செவ்வாய்

அமலியை உட்காரச் சொன்னேன். உட்காராமல் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"பெட்டியைப் பத்தி ஏன் என்கிட்ட சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன் மேடம். நீங்கதான் பெருசா வேணும்னு சொன்னதா சந்தியாகு மாமா சொன்னாவ. திங்கக்கெழம மீனு செவிக்கல்லுக்கு, வியாழக்கெழம மீனு நீளத்துக்குன்னுதான் நான் நெனச்சுக்கிட்டேன். பெட்டி மீன நானும் அளந்துட்டா ரெண்டு தடவ எண்ணுன மாதிரி ஆயிருமேன்னு விட்டுட்டேன். அதான் அன்னைக்கி ரெண்டையும் சேத்தா போடப்போறீங்கன்னு கேட்டேன்."

"அப்போ சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு மாதிரி பாத்தீங்க மேடம்."

வேறு எதையாவது அவள் தப்பாகச் செய்திருக்க வேண்டும் என்று தேடினேன். "கிளாரன்ஸ் அந்த வள்ளத்துல போறதை?"

"வேலைக்குச் சேந்தப்ப ஃபாரத்துல எழுதியிருக்கேனே மேடம். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

பிறகு அவளே கேட்டாள். "மேடம், ரினிவல் லெட்டர் எப்ப வரும்? மத்த வருசம் இதுக்குள்ள வந்துரும். வீட்டுல அவியளும் கேட்டுக்கிட்டே இருக்காவ."

"வரும்" என்றேன்.

ஜனவரி 29, புதன்

சுந்தரவரதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், பெட்டியைப் பற்றி. முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம்.

"எந்த டேட்டாவுலதான் குறை இல்லம்மா? அறிக்கையில கடைசிப் பக்கம் ஒரு வரி போடுங்க. மாதிரித் தேர்வில் சில வரம்புகள் உள்ளன. முடிஞ்சுது. ரெண்டு சராசரியையும் சேத்து நடுவுல 35ன்னு வாங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"பழைய கட்டுரை?"

"அதை யாரு தோண்டப்போறா? பன்னிரண்டாம் தேதி உங்களுக்கு நேர்காணல். இப்ப போயி நீங்களே தோண்டாதீங்க."

"அமலி விஷயம் சார்."

"அது உங்க கையிலதான் இருக்கு. உங்க குறிப்பை நான் இன்னும் ஃபைல்ல சேக்கல. ரினிவலுக்குப் புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க, பழசக் கிழிச்சுருவோம். அந்தப் பொண்ணுக்குத் தெரியவே வேண்டாம். எல்லாருக்கும் நல்லது."

எல்லோருக்கும் நல்லதாக இருக்கும் ஒரு வழியை என் வாழ்க்கையில் முதல்முறை யாரோ தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். நாளை சொல்கிறேன் என்றேன்.

சாயந்திரம் சேதுவுக்குப் போன் செய்தேன். "நேர்காணலுக்குத் தயாராயிட்டியா?" என்று கேட்டார். ஆகிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவருடைய ரத்த அழுத்த மாத்திரை பற்றிப் பேசினோம்.

ஜனவரி 30, வியாழன்

விடுப்பு எடுத்தேன். கரைக்குப் போகவில்லை, நான் போனால் கரை வேறு கரையாகிவிடும். துணி துவைத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பல் டாக்டர் ஒரு பல்லை எடுக்க வேண்டும் என்கிறார். பல்வலி என்று பொங்கலன்று சொன்ன பொய் இரண்டு வாரத்தில் உண்மையாகியிருக்கிறது.

பத்தரை மணிக்கு அமலி அளவுகளை அனுப்பினாள். இந்த முறை ஒரு வரி கூடுதலாக. "பெட்டிக்கு எதுவும் எடுக்கல மேடம். மாமா வேண்டாம்னுட்டாவ. எல்லாத்தையும் அளந்துட்டேன்." அடியில் நாற்பத்திரண்டு எண்கள். மிகப் பெரியது 40. அது ஒன்றுதான். மிகச் சிறியது 22. முட்டையிடும் வயதுக்கு வராத மீன்.

நாற்பத்திரண்டையும் என் கையால் தாளில் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத எனக்குள் ஒரு குரல், இவள் இன்றும் பொறுக்கியிருப்பாளோ என்றது. அந்தக் குரலை இத்தனை நாள் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானிக்கு வேண்டிய குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு திங்கட்கிழமைகூட என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டதில்லை. நாற்காலி போட்ட இடத்தில் அதுவும் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று, ஆறு வருடத்துக்கு முன் என் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு: அதில் உள்ள நீளங்கள் எனக்காக எடுத்து வைக்கப்பட்ட மீன்களின் நீளங்கள், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொன்று மாவட்டக் குழுவுக்கான அறிக்கையின் முதல் பக்கம். அதில் திங்கட்கிழமைகள் இல்லை. முந்நூற்றுச் சொச்சம் திங்கட்கிழமைகள். வியாழக்கிழமைகள் மட்டும், சராசரி 29, பெட்டிக்குப் போனதைச் சேர்த்தாலும் 30க்குள், அளந்தவர் பெயர் அமலோற்பவம் என்று என் பெயருக்கு முன்னால். இதே பக்கம் தமிழில் ஒரு பிரதி சந்தியாகுவுக்கு.

எழுதுவது எளிதாகத்தான் இருந்தது. அமலியின் ரினிவலுக்கும் புதுக் குறிப்பு எழுதியாயிற்று. 17ஆம் தேதிக் குறிப்புதான் இன்னும் பாக்கி.

அதைக் கிழித்துவிடலாம். சுந்தரவரதன் கிழிப்பார், சத்தமே வராது. அமலிக்கு ரினிவல் வரும். "தேங்க்ஸ் மேடம்" என்பாள். அடுத்த வியாழன் பலகையை எடுத்துக்கொண்டு போவாள். நான் அவளைப் பற்றி என்ன நினைத்தேன், என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்று அவளுக்குத் தெரியாமலே என்னோடு இன்னும் பத்து வருடம் வேலை பார்ப்பாள். நானும் ஒவ்வொரு நாளும், இவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாளை அமலி ஒன்பது மணிக்கு வருவாள். சுந்தரவரதன் பத்துக்கு. குறிப்பின் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு அதை எடுத்து அவள் கையில் கொடுத்து, நான் எதுவும் விளக்காமல், அவள் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் கடிதங்களோடு மாடிக்கு, சுந்தரவரதனிடம் போவேன்.